ஐந்து மணிக்கு எழுவது இருக்கட்டும், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?

கேள்வி:

மேடம், எனக்கு வயது 37. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவர், இரண்டு பிள்ளைகள். வருடா வருடம் ஜனவரி முதல் தேதி டைரியில் இலக்குகளை எழுதுவேன். இந்த வருடம் ஏழு எழுதினேன்: காலை 5 மணிக்கு எழுவது, தினம் 45 நிமிடம் ஓட்டம், 20 நிமிடம் தியானம், மூன்று மாதத்தில் 10 கிலோ குறைப்பது, வாரம் ஒரு புத்தகம், இரவு 9 மணிக்கு மேல் போனைத் தொடாமல் இருப்பது, அஞ்சல் வழியில் படித்துப் பாதியில் நிற்கும் வணிகவியல் முதுகலையில் பாக்கி இருக்கும் இரண்டு பேப்பர்களை எழுதுவது. (அந்தப் படிப்பை மட்டும் முடித்துவிட்டால்கூடப் போதும் என்று சில நேரம் தோன்றும்.) அட்டவணை போட்ட பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். பத்துப் பதினொரு நாள் நன்றாகவே போனது. அப்புறம் சின்னவனுக்குக் காய்ச்சல், இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்தவள்தான், டைரியை அதன்பின் திறக்கவே இல்லை. கூட வேலை பார்க்கும் தோழி நினைத்ததை முடிக்கிறாள். கணவரோ, "உனக்கு எதுக்கு இந்த வேலை, விடு" என்கிறார். இரவு வேலை முடிய 11 மணி ஆகும். அதன்பின் கொஞ்ச நேரம் போன் பார்ப்பேன், அது ஒன்றுதான் எனக்கான நேரம். 21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடுமாம். என்னால் அதைக்கூடத் தாண்ட முடியவில்லை. எனக்கு மன உறுதியே இல்லையா? இது ஏதாவது நோயா? எல்லோரிடமும் சொல்லிவிட்டால் வெட்கத்துக்காகவாவது செய்வேனா? இல்லை, இலக்கு வைப்பதையே விட்டுவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் டைரிப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 5.00 எழுந்திருத்தல். 5.05 தியானம். 5.25 ஓட்டம். 6.10 படிப்பு. 7.00 சமையல். ஓட்டம் முடிவதும் 6.10, படிப்பு தொடங்குவதும் 6.10. முக்கால் மணி நேரம் ஓடிவிட்டு வந்தவர் குளிக்க வேண்டாமா? ஷூவைக் கழற்ற, மூச்சு வாங்க, புத்தகம் எங்கே கிடக்கிறது என்று தேட? எதற்கும் ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. பிள்ளைகள் பெயரே அந்தப் பக்கத்தில் இல்லை. கையெழுத்து அவ்வளவு அழகு, மூன்று கலரில் கோடு. ஆனால் அதன்படி வாழ வேறு ஆளே இல்லாத ஒரு வீடு வேண்டும்.

இன்னொன்றும் அதில் இல்லை: படுக்கும் நேரம். உங்கள் கடிதத்தை வைத்து நானே கணக்குப் போட்டேன். வேலை 11 மணிக்கு முடிகிறது. போன் பார்த்துவிட்டுக் கண்ணை மூட 11.45 என்று வைத்துக்கொள்வோம். 5 மணிக்கு அலாரம். ஐந்தேகால் மணி நேரத் தூக்கம். வயது வந்தவர்களுக்குத் தினமும் ஏழு மணி நேரமாவது தேவை. ஆக, பதினொரு நாளில் ஏறக்குறைய இருபது மணி நேரத் தூக்கம் குறைந்திருக்கிறது. அதற்கு மேல் காய்ச்சல்கார ராத்திரிகள் இரண்டு. அன்றைக்கு உங்களிடம் மன உறுதி இல்லாமல் போய்விட்டது என்கிறீர்கள். எனக்கென்னவோ, அலாரத்தை அணைத்ததுதான் அந்தப் பதினைந்து நாளில் நீங்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம் என்று படுகிறது.

நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்து அப்படித் தோன்றவில்லை. ஆனால் போதுமான அளவு தூங்கிய பிறகும் சோர்வு போகவில்லை, முன்பு பிடித்தது எதிலும் இப்போது பிடிப்பில்லை, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் 'சோம்பேறித்தனம்' போலத்தான் தெரியும். சிறு வயதிலிருந்தே எந்த வேலையிலும் கவனம் நிற்காது என்றால் அதையும் சொல்லுங்கள்.

சரி, அட்டவணைக்கு வருவோம். நாள் போதாது என்று தெரியாமலா இப்படி எழுதினீர்கள்? எழுதும்போது நமக்கு உண்மையிலேயே போதும் என்றுதான் தோன்றும். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-லேயே இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்தார்கள். எனக்குப் பிடித்த உதாரணம் 1994-ல் கனடா உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த இறுதியாண்டு மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள். அதற்கு 49 நாள் என்றார்கள். கடைசியில் ஆனது 55 நாளுக்கு மேல். மிக மோசமான நிலை என்று அவர்களே யோசித்துச் சொன்ன கணக்கைவிட நிஜம் நீண்டது. இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. வரப்போகும் நாட்களை மனக்கண்ணில் பார்க்கும்போது அதில் காய்ச்சல் வராது, விருந்தாளி வரமாட்டார், மாதக் கடைசியில் கணக்கு முடிக்க அலுவலகத்தில் எட்டு மணி வரை உட்கார வேண்டியிருக்காது. அவ்வளவுதான் விஷயம்.

அதனால் என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'உங்களுக்கு என்ன சாதிக்க ஆசை?' என்பதல்ல. 'போன வாரத்தில் ஆக மோசமான நாள் எது, அன்றைக்கு என்ன செய்ய முடிந்திருக்கும்?' என்றுதான் கேட்பேன். அன்றைக்கும் செய்ய முடிகிற அளவுதான் இலக்கின் அளவு. நல்ல நாளில் கூடுதலாகச் செய்துகொள்ளுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை.

இப்போது அந்த ஏழு இலக்குகளைக் குறைக்க வேண்டும். எது தங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, நீங்களே அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். எடையைப் பற்றி, ஓட்டத்தைப் பற்றி எழுதும்போது உங்கள் வாக்கியங்கள் பட்டியல் மாதிரி ஓடுகின்றன. படிப்புக்கு வந்ததும் மட்டும் நின்று, 'போதும் என்று தோன்றும்' என்கிறீர்கள். மற்ற ஆறும் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் ஒப்பிக்கிற இலக்குகள். இந்த ஒன்றுதான் உங்களுடையது என்று எனக்குப் படுகிறது. இன்னொரு வசதியும் இதில் உண்டு. இதற்கு ஒரு முடிவு இருக்கிறது. இரண்டு பேப்பர், தேர்வுத் தேதி, முடிந்தது. ஓட்டத்துக்கும் தியானத்துக்கும் அப்படி ஒரு கடைசி நாள் கிடையாது.

எடையைத் தேர்வு முடியும் வரை தள்ளி வையுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவதுதான் பொதுவாகப் பாதுகாப்பானது என்பார்கள். மூன்று மாதத்தில் 10 கிலோ என்பது அந்த வரம்பின் மேல்பக்கம், வேறெந்த வேலையும் தலையில் இல்லாதவருக்கே கஷ்டம். மருத்துவர் உடல்நலத்துக்காக உடனே குறைக்கச் சொல்லியிருந்தால் கதை வேறு, அப்போது அதுதான் முதல் இலக்கு, படிப்பு காத்திருக்கட்டும். வாரம் ஒரு புத்தகத்தை மனசாட்சி உறுத்தாமல் அடித்துவிடுங்கள். தேர்வுக்குப் படிக்கிறவர் எதற்கு வாரம் ஒரு புத்தகம் வேறு படிக்க வேண்டும்?

போனை விட்டுவிடும்படி நான் சொல்ல மாட்டேன். பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். காலையிலிருந்து அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் கொடுத்த பிறகு மிஞ்சுகிற அந்தக் கொஞ்ச நேரத்தை, 'அது ஒன்றுதான் எனக்கான நேரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் எதுவும் வைக்காவிட்டால், நான்கு நாளில் அது இரண்டு மடங்காகத் திரும்பி வரும். படுக்கையில் வைத்துப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், தூக்கம் வந்தால் எழுந்து போய்ப் படுத்துவிடுங்கள். இப்போதைக்கு இது போதும்.

அடுத்தது, படிப்பை எங்கே வைப்பது. அதிகாலை வேண்டாம், அங்கே தூக்கத்தைத் திருடித்தான் படிக்க வேண்டும். இரவு 11 மணிக்குப் படித்தால் மண்டையில் ஏறாது. மீதி இருப்பது உங்கள் மதிய உணவு இடைவேளை. 'தினமும் படிப்பேன்' என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: 'மதியம் சாப்பிட்டு டப்பாவைக் கழுவி வைத்ததும், என் இருக்கைக்குத் திரும்பி, காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைத் திறந்து ஒரு கணக்குப் போடுவேன்.' ஓர் அத்தியாயம் வேண்டாம், ஒரே ஒரு கணக்கு. டப்பா கழுவாத நாள் உங்களுக்குக் கிடையாது. அதனால் எப்போது தொடங்குவது என்று தினமும் புதிதாக முடிவெடுக்க வேண்டிய வேலை இல்லை. முடிவெடுக்கிற அந்த நிமிடத்தில்தான் பெரும்பாலான இலக்குகள் நழுவுகின்றன.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம். 'இன்னது செய்ய வேண்டும்' என்று மட்டும் நினைப்பவரைவிட, 'இன்னது நடந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடித்து வைப்பவர் அதிகம் செய்து முடிக்கிறார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதுதான் தெரிந்தது. உடற்பயிற்சியை வைத்து 2002-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு இன்னும் சுவாரசியம். மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது குழுவுக்கு உடற்பயிற்சி செய்யாவிட்டால் இதயத்துக்கு என்ன ஆகும் என்று படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு அதையும் கொடுத்து, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வாய் என்றும் எழுதச் சொன்னார்கள். அந்த வாரம் முதல் இரண்டு குழுக்களிலும் பத்தில் நான்கு பேர்கூட உடற்பயிற்சி செய்யவில்லை. மூன்றாவது குழுவில் பத்துக்கு ஒன்பது பேர் செய்தார்கள். இரண்டாவது குழுவைக் கவனியுங்கள். ஆசை கூடியது, காரியம் நடக்கவில்லை. காலையில் எழுந்ததும் ஊக்கப் பேச்சு வீடியோ பார்ப்பவர்களை எனக்கு ஞாபகப்படுத்தும் குழு அது.

இதே வாக்கியத்தைத் தடங்கலுக்கும் எழுதி வைக்க வேண்டும். உங்கள் பழைய திட்டத்தில் இல்லாமல் போனது இதுதான். 'பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் நான் விடுப்பில் இருந்தால், படிப்பும் விடுப்பு. மறுபடி அலுவலகம் போகும் முதல் நாள் மதியம், போன முறை போட்ட கணக்கையே திரும்பப் போடுவேன்.' 'மாதக் கடைசியில் சாப்பிடவே நேரம் இல்லை என்றால், புத்தகத்தைத் திறந்து அடுத்த கணக்கை நோட்டில் எழுதி மட்டும் வைப்பேன், போட வேண்டியதில்லை.' இவற்றை நல்ல மனநிலையில் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்ட காலை ஆறு மணிக்கு யாராலும் நல்ல முடிவு எடுக்க முடியாது.

அந்த 21 நாள் கதையை எங்கே கேட்டாலும் கேட்காத மாதிரி வந்துவிடுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பின் மாறிய முகம் பழகுவதற்கு நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். அதிலிருந்த 'குறைந்தது' காலப்போக்கில் காணாமல் போய், முகம் போய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே வரும் அளவுக்குப் பழக ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்று அவ்வளவு வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டும் எண்கள், கவனித்ததை வைத்துக் கணக்கிட்ட மதிப்பீடு). உங்களுக்கு முக்கியமானது அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு செய்தி: நடுவில் ஒரு நாள் விட்டுப் போனதால் பழக்கம் உருவாவதில் பெரிதாக எந்தப் பாதிப்பும் இல்லை.

ஆக, காய்ச்சல் உங்களைக் கெடுக்கவில்லை. காய்ச்சலுக்கு அப்புறம் டைரியைத் திறக்காததுதான் கெடுத்தது. இதுவும் எல்லோருக்கும் உள்ள சுபாவம்தான். 1975-ல் வெளியான ஒரு சோதனையில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களை முதலில் ஒரு மில்க்ஷேக் குடிக்க வைத்துவிட்டு, அப்புறம் ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். மில்க்ஷேக் குடிக்காதவர்களைவிட அவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். 'அதுதான் கெட்டுப்போச்சே, இனி என்ன' என்கிற மனநிலை. இங்கே தன்னைத் திட்டிக்கொள்வது உதவாது. தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட கல்லூரி மாணவர்களைக் கவனித்த 2010 ஆய்வு ஒன்று உண்டு. முதல் தேர்வில் செய்ததற்குத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை. நீங்கள் கடிதத்தில் உங்களை என்னென்னவோ சொல்லித் திட்டியிருந்தீர்கள், அவற்றை நான் மேலே வெட்டிவிட்டேன். அது நியாயமில்லை என்பதோடு, பலனும் இல்லை.

எல்லோரிடமும் சொல்லலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். செய்யப்போவதைச் சொல்லாதீர்கள், செய்ததைச் சொல்லுங்கள். கோல்விட்சரும் மற்றவர்களும் 2009-ல் வெளியிட்ட சோதனைகளில், தம் நோக்கத்தைச் சொல்லி அதை இன்னொருவர் கவனித்து ஏற்றுக்கொண்டதும், அதற்காக உழைப்பது குறைந்தது. 'நான் முதுகலை முடிக்கப் போகிறேன்' என்றதும் நான்கு பேர் 'சூப்பர்' என்று சொல்லிவிட்டால், பாதி முடித்த திருப்தி அப்போதே வந்துவிடுகிறது. மாறாக, முன்னேற்றத்தைக் கவனித்துக் குறித்து வைப்பதும், அதைப் பிறருக்குத் தெரியப்படுத்துவதும் இலக்கை எட்ட உதவுகின்றன என்று 138 ஆய்வுகளைத் தொகுத்த 2016-ன் அலசல் சொல்கிறது. அந்தத் தோழியிடம் வாரம் ஒரு முறை, 'இந்த வாரம் நான்கு கணக்குப் போட்டேன்' என்று சொல்லுங்கள். நான்கு என்றாலும் நான்குதான், ஒன்று என்றாலும் சொல்லுங்கள். அவர் எல்லாவற்றையும் எப்படி முடிக்கிறார் என்றும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அவர் ஆரம்பித்துவிட்டு விட்ட காரியங்களின் பட்டியல் உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

கணவர் 'விடு' என்பதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு ஜனவரியும் நீங்கள் உடைந்து போவதைப் பார்ப்பவர் அவர். 'எனக்கு நீங்கள் ஆதரவாகவே இல்லை' என்று ஆரம்பித்தால் சண்டையில் முடியும். அளந்து கேளுங்கள்: 'ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன். தேர்வு வரைக்கும்தான்.' மதியம் புரியாமல் நின்ற கணக்குகள் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு. உட்காரும் முன் பத்து நிமிடம், போன வாரம் எது குறுக்கே வந்தது என்று மட்டும் டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே விஷயம் மூன்று வாரம் குறுக்கே வந்தால், மாற்ற வேண்டியது திட்டத்தை.

கடைசியாக, இலக்கு வைப்பதையே விட்டுவிடலாமா என்றால், மற்ற ஆறு இலக்குகளையும் விட்டுவிடுங்கள், அதற்கு ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏழாவதை விடும் முன் ஒரு விஷயம் தெரிய வேண்டும். தேர்வுக்குக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி எது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அஞ்சல் வழிப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் இத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு, அதுவும் இல்லை. பாடத்திட்டம் இடையில் மாறியிருந்தால் உங்களிடம் இருக்கும் புத்தகமே செல்லாது. எனவே முதல் கணக்கைப் போடுவதற்கு முன்னால், நாளை மதியம் டப்பாவைக் கழுவி வைத்ததும், பல்கலைக்கழகத்துக்கு ஒரு போன் போட்டு இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்.